செக்ரோல் முதல் மைகாட் வரை: மலாக்காத் தமிழரும் பதிவேட்டின் அதிகாரமும்

அரசு நிருவாகத்தில் கணினி புகுந்தபின் அதிகாரம் யார் கையிலிருந்து யார் கைக்குச் சென்றது? இவ்வினாவை அரசறிவியல் அறிஞர் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டு வருகின்றனர். அவர்கள் பெரும்பாலும் அமெரிக்க நகராட்சிகளையும் ஐரோப்பிய அமைச்சுகளையும் நோக்கியே கேட்டனர். நாம் இதனைப் பாச்சாங்கில் நின்று கேட்கிறோம். மலாக்கா தெங்கா மாவட்டத்து முக்கிம்களுள் ஒன்றான பாச்சாங், மலாக்காச் செட்டிகள் வாழும் காஜா பேராங்குக்கு அண்மையில் உள்ளது. ஜாசின், அலோர் காஜா மாவட்டத் தோட்டங்களைவிட்டு வெளியேறிய குடும்பங்கள் வந்து சேர்ந்த புறநகர்ப் பகுதியும் இதுவே. ஐந்நூறு ஆண்டு நகரத் தமிழரின் வழிவந்தவரும் நூறாண்டுத் தோட்டத் தமிழரின் வழிவந்தவரும் ஒரே அரசு முகப்பில் வரிசை எண் பெற்று அருகருகே அமரும் ஊர் என்பதால், நம் வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

ஒருவர் யார், எங்குப் பிறந்தார், யாருடைய மகன் அல்லது மகள் என்று உறுதிசெய்யும் உரிமை எவரிடம் உள்ளதோ, அவரிடமே நிருவாக அதிகாரத்தின் பெரும்பங்கு தங்குகிறது. மலாக்காத் தமிழர் வரலாற்றில் இவ்வுரிமை பலமுறை கைமாறியுள்ளது. இலக்கவியல் பதிவு அக்கைமாற்றங்களுள் அண்மையது. முந்தையவற்றை அறியாமல் இதனை எடைபோட்டால், கணினியை மிகையாகப் புகழவோ மிகையாக அஞ்சவோ நேரும்.

சுல்தானிய மலாக்காவில் அரசுக்கும் வெளிநாட்டு வணிகருக்கும் இடையே நின்றவர் ஷாபந்தர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் தங்கிக் குறிப்பெழுதிய தோமே பிரேஸ், இத்தகையோர் நால்வர் இருந்தனர் என்கிறார். குசராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரையினருக்கும் வங்காளத்தார், பெகுவினர், பாசையினருக்கும் சேர்த்து ஒருவர், சாவகம் முதலிய தீவினருக்கு ஒருவர், சீனருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் ஒருவர். நாகப்பட்டினத்திலிருந்தோ பழவேற்காட்டிலிருந்தோ வந்திறங்கிய வணிகன் யார் என்பதைத் தன் இனத்தாரின் ஷாபந்தர் வழியாகவே அரசு அறிந்தது. 1511இல் நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசியரும் இம்முறையை அடியோடு மாற்றவில்லை. அவர்கள் ‘நினா சத்து’ என்று எழுதிவைத்த தமிழ் வணிகர் ஒருவரைப் பெண்டகாரா ஆக்கினர். 1514இல் அப்பதவி அவரிடமிருந்து பறிக்கப்பட்டுக் கம்பார் அரசருக்கு அளிக்கப்பட்டபோது, அவமானம் பொறாமல் அவர் தீப்புகுந்து மாண்டார். அவ்வளவு பெரிய பதவி வகித்தவரின் பெயர் தமிழில் எவ்வாறு ஒலித்தது என்பதைக்கூட இன்று நாம் ஊகித்தே சொல்ல வேண்டியுள்ளது. பதிவு செய்தவர் செவியில் விழுந்த ஒலியே வரலாற்றில் நின்றது. இதனை மாணவர்கள் நினைவில் இருத்துக. பின்னர் இதே சிக்கலுக்கு மீள்வோம்.

நெடுங்காலம் கடந்து தோட்டங்களுக்கு வருவோம். 1896இல் தான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் பயிரிட்டார். அடுத்துப் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் கண்டார். மலாயாவின் வணிக இரப்பர் வரலாறு இவ்வாறு மலாக்கா மண்ணில் தொடங்கியது. அதற்கு வேண்டிய கைகள் தமிழகத்திலிருந்து வந்தன. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் ஒழிந்தபின் கங்காணி முறையே தலையாய வழியாயிற்று. உரிமம் பெற்ற கங்காணி தன் ஊருக்குச் சென்று உறவினரையும் அண்டையாரையும் திரட்டி, ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாம் வழியாகக் கப்பலேற்றினான். வேலைக்கு வந்த தலைகளின் எண்ணிக்கைப்படி அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது.

தோட்டத்தில் அதிகாரத்தின் எழுத்துவடிவம் செக்ரோல். விடியுமுன் பெரட்டுக்களத்தில் ஆட்கள் நிற்பர், பெயர் கூப்பிடப்படும், கிராணி பதிவேட்டில் குறியிடுவார். நாள் போட்டால் கூலி. போடாவிட்டால் உழைப்பு இருந்தும் கூலி இல்லை. எடை குறைந்தது, பட்டையைக் காயப்படுத்தியது, நேரம் தவறியது என ஏதேனும் ஒரு காரணத்தால் முழுநாள் அரைநாளாகலாம். எழுத்தறியாத் தொழிலாளிக்கு அப்பதிவேட்டைப் பார்க்கும் வாய்ப்பும் இல்லை, படிக்கும் ஆற்றலும் இல்லை. கிராணியரோ யாழ்ப்பாணத் தமிழராகவோ மலையாளிகளாகவோ இருந்தமை பரவலான வழக்கம். அவர்களுள் நேர்மையாளர் பலர் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஒரே பக்கம் மட்டும் படிக்கக்கூடிய பதிவேடு ஒரே பக்கத்துக்கே வலிமை தரும். எழுதுபவர் நல்லவராயிருப்பது அவ்வமைப்பை மாற்றிவிடாது.

தோட்டம் தனியார் நிலம் என்பதும் இங்குக் கருதத்தக்கது. கம்போங்கில் வாழ்ந்தவருக்குப் பெங்குலு இருந்தார். அவர் அரசின் அங்கம். தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவருக்குத் துரையும் கிராணியும் கங்காணியுமே அரசாயினர். குழந்தை பிறந்ததும் இறந்ததும் அவர்கள் வழியாகவே வெளியுலகப் பதிவேடுகளை எட்டின. கிராணி மறந்தால், அல்லது பதிவலுவலகம் தொலைவென்று தந்தை ஒருநாள் கூலியை இழக்கத் தயங்கினால், ஓர் உயிர் பதிவின்றியே வளர்ந்தது. பிறப்பைப் பதினான்கு நாளுக்குள் பதிய வேண்டும், நாற்பத்திரண்டு நாளுக்குப்பின் தாமதப் பதிவுக்குத் தனி ஒப்புதல் வேண்டும் என்னும் பழைய விதி, கூலிநாளை எண்ணி வாழ்ந்த குடும்பத்துக்கு எளிய விதி அன்று.

1948 ஜூன் மாதம் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் பதிந்துகொண்டு அடையாள அட்டை பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. இன்றைய தேசியப் பதிவிலாகாவின் தோற்றம் இதுவே. அட்டை தாளால் ஆனது. நிழற்படமும் பெருவிரல் ரேகையும் கொண்டது. நாட்டில் வாழ்வோருக்குச் சேவை செய்வதற்காக இது தோன்றவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம். காட்டிலிருப்பவர் யார், ஊரிலிருப்பவர் யார் என்று பிரித்தறியும் போர்க்கருவியாகவே பிறந்தது. கம்யூனிஸ்டு கட்சியினர் இதன் வலிமையை உடனே உணர்ந்தனர். பேருந்துகளை நிறுத்தியும் ஊர்களுக்குள் புகுந்தும் அட்டைகளைப் பறித்து அழித்தனர். பதிவுக்கு உதவிய படப்பிடிப்பாளர்களையும் தாக்கினர். இவர்களுக்கும் அரசுக்கும் இடையே அகப்பட்ட தோட்டத் தொழிலாளி, அட்டையை வைத்திருந்தாலும் ஆபத்து, இழந்தாலும் ஆபத்து என்னும் நிலையில் நின்றான். 1950க்குப்பின் பிரிக்ஸ் திட்டத்தின்கீழ்த் தோட்டத்து வீடுகள் ஒருங்குசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. உணவுப் பங்கீடும் வாயிலைக் கடந்து செல்லுதலும் அட்டையைச் சார்ந்தன.

1953 செப்டம்பர் 3ஆம் நாள் மலாக்காவின் ஒரு பகுதி நாட்டின் முதல் வெள்ளைப் பகுதியாக அறிவிக்கப்பட்டு, அங்குக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. வேலிகள் பின்னர் அகன்றன, அட்டை அகலவில்லை. போருக்கெனப் பிறந்த கருவி அமைதிக்கால நிருவாகத்தின் அடித்தளமாயிற்று. பிற்காலத்து மின்னியல் அட்டையின் மரபணு இந்தத் தாள் அட்டையில் உள்ளது. அப்போது மையில் ஒற்றிய அதே பெருவிரல்தான் இப்போது சில்லில் உறைகிறது.

தோட்டத்து அதிகார வரிசையில் ஒரு மெல்லிய முறிவையும் இவ்வட்டை உண்டாக்கியது. முதன்முறையாகத் தொழிலாளியின் பெயர் செக்ரோலுக்கு வெளியே, துரையின் கைக்கு எட்டாத ஓர் அரசுப் பதிவேட்டில், அவனுடைய முகத்தோடு நின்றது. தோட்டம் மாறினாலும் அட்டை உடன் சென்றது. ஒடுக்குவதற்கென வந்த கருவி, சிறிய அளவிலேனும், கங்காணியின் பிடியிலிருந்து விடுவித்தது. நிருவாக வரலாற்றில் இத்தகைய இருமுகத் தன்மை அடிக்கடி காணப்படுவது. மாணவர்கள் ஒருமுகத் தீர்ப்புக்கு விரையாதிருப்பது நலம்.

இனிக் குடியுரிமை. இங்கு மலாக்காவின் நிலை தனித்தன்மை உடையது. மலாக்காவும் பினாங்கும் நீரிணைக் குடியேற்றங்களாகப் பிரித்தானிய முடியின் நேரடி ஆட்சியில் இருந்தவை. அங்குப் பிறந்தோர் பிரித்தானியக் குடிகள். எல்லைக்கு அப்பால் உள்ள நெகிரி செம்பிலான் பாதுகாப்பு அரசு. அங்குப் பிறந்தமையால் மட்டும் ஒருவர் பிரித்தானியக் குடியாகிவிடவில்லை. 1948 பிப்ரவரி 1இல் நடப்புக்கு வந்த மலாயாக் கூட்டரசு உடன்படிக்கை, குடியேற்றங்களில் பிறந்து நிலைத்து வாழ்ந்த பிரித்தானியக் குடிகளுக்குத் தனி வழி வகுத்தது. புலாவ் செபாங்கையும் தம்பினையும் அறிந்தவர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஒரே கடைத்தெருவாகத் தோன்றும் இடத்தின் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. இப்பக்கத் தோட்டத்தில் பிறந்தவளுக்கும் அப்பக்கத் தோட்டத்தில் பிறந்தவளுக்கும் மொழி ஒன்று, கூலி ஒன்று, கும்பிடும் மாரியம்மன் ஒன்று. சட்டம் மட்டும் வேறு. அதிலும் பிறந்த இடத்தைக் காட்டும் தாள் இருந்தால்தான் அச்சட்டம் அவளுக்கு உதவும்.

விடுதலை நாளாகிய 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடியக் கூட்டரசில் பிறந்தவர் அனைவரும் பிறப்பாலேயே குடிமக்கள். அதன்பின் பிறந்தோர்க்குப் பெற்றோருள் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்பிடத் தகுதியுடையவராகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 1960களில் அட்டைகள் நிறம் பெற்றன: குடிமக்களுக்கு நீலம், நிரந்தர வசிப்பிடத்தார்க்குச் சிவப்பு. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதாருக்கு வேலைப் பெர்மிட்டை விதித்தபோது, சிவப்பு அட்டையின் முழுப்பொருள் தோட்டங்களில் உணரப்பட்டது. பிறந்து வளர்ந்த மண்ணில் பால்மரம் வெட்டுவதற்கே ஒப்புதல் கேட்க நேர்ந்தது. பலர் கப்பலேறித் தாம் பாராத ‘தாயகம்’ திரும்பினர். விண்ணப்பத்தாளை நிரப்பத் தெரியாமை, கிராணியின் உதவி கிட்டாமை, மலாய்மொழித் தேர்வுக்கு அஞ்சியமை எனக் காரணங்கள் பல. கணினி இல்லாத காலத்திலும் நிருவாகம் இத்தனை மக்களைத் தவறவிட்டது என்பதை, இன்றைய இயந்திரத்தைக் குறைகூறுமுன் நாம் ஏற்கவேண்டும்.

1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் முசுலிம் அல்லாதாரின் திருமணங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. கோயிலில் தாலி கட்டி ஊரறிய வாழ்ந்த இணையர் பலர் பதிவலுவலகம் செல்லவில்லை. அரசமைப்புச் சட்டத்தின்படி, பதிவுத் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையின் குடியுரிமைக்குத் தாயின் தகுதியே கணக்கிடப்படும். தாய் ஆவணமற்றவரானால், தந்தை நீல அட்டையராயிருந்தும் குழந்தை கைவிடப்படும். ஊரார் கண்ட திருமணத்தைப் பதிவேடு காணவில்லை; அதன் விளைவு அடுத்த தலைமுறையின் பள்ளிச் சேர்க்கையில் வெளிப்பட்டது. இதனை ஆசிரியர்களாகிய நீங்கள் எம்மினும் நன்கறிவீர்கள்.

இந்தப் பழுதுகள் அனைத்தையும் சுமந்தபடியே பதிவேடு கணினிக்குள் சென்றது. 1990இல் பன்னிரண்டு இலக்க அடையாள எண் வந்தது. முதல் ஆறு இலக்கம் பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். இறுதி இலக்கம் ஒற்றையாயின் ஆண், இரட்டையாயின் பெண். மலாக்காவில் பிறந்தவருக்கு 04. மாநிலம் அறியப்படாதவருக்கு 82. ஒரு தோட்டத்துத் தாய் பிரசவத்தின்போது பதிவு செய்யப்படாமையால் விளைந்த ஐயம், எண்ணின் நடுவே இரு இலக்கமாக வாழ்நாள் முழுதும் உடன்வரும் வகை இது. 1996இல் அறிவிக்கப்பட்ட பல்லூடகப் பெருவழித் திட்டத்தில் மின்னியல் அரசாங்கமும் பல்நோக்கு அட்டையும் முதன்மைத் திட்டங்களாக இடம்பெற்றன. 2001 செப்டம்பரில் மைகாட் வந்தது. அட்டையில் பதித்த சில்லில் கைரேகைகளும் பிறவும் அடங்கின. உலகில் இத்தகைய தேசிய அட்டையை முதலில் கொணர்ந்த நாடுகளுள் மலேசியா ஒன்று.

பயன்களை முதலில் கூறுவது முறை. 2012 ஜூனில் நாட்டின் முதல் நகர்ப்புற உருமாற்ற மையம் மலாக்காவில் திறக்கப்பட்டது. பல இலாகாக்களின் முகப்புகள் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. கூலிநாள் இழக்காதவாறு மாலையிலும் வார இறுதியிலும் சேவை கிடைத்தது. முன்பு பலமுறை நடந்து பெற்ற கடப்பிதழ் இன்று ஒரே நாளில் கைக்கு வருகிறது. ‘கோப்பைக் காணவில்லை’ என்று சொல்லி அலைக்கழிக்கும் எழுத்தர், ‘தேநீர்ச் செலவு’ எதிர்பார்க்கும் தரகர் ஆகியோரின் வலிமை பெரிதும் குன்றியது. வரிசை எண்ணுக்கு இனமும் சாதியும் தெரியாது. கங்காணியின் பேரனும் அவன் கொணர்ந்த கூலியின் பேத்தியும் ஒரே முறையில் அழைக்கப்படுகின்றனர். இது சிறிய ஆதாயம் அன்று.

இழப்பு எங்கே? மைக்கேல் லிப்ஸ்கி என்னும் அமெரிக்க அறிஞர் 1980இல் ஒரு கருத்தை நிறுவினார்: சட்டம் தலைநகரில் இயற்றப்பட்டாலும், மக்களை நேரில் காணும் கடைநிலை அலுவலரின் தற்றுணிபில்தான் அது உண்மை வடிவம் பெறுகிறது என்பது அது. பெருவிரல் ரேகை தெளிவில்லாத முதியவளைப் பார்த்து, ‘இவள் இன்னாள்தான்’ என்று உடன்வந்த ஊரார் சொல்ல, அலுவலர் ஏற்றுக்கொள்வது அத்தற்றுணிபு. அதே அலுவலர் பகையாலோ சோம்பலாலோ திருப்பி அனுப்புவதும் அத்தற்றுணிபே. 2002இல் மார்க் போவன்ஸ், ஸ்டாவ்ரோஸ் சூரிடிஸ் என்னும் டச்சு அறிஞர் இருவர், கணினியின் வரவால் இந்தத் தற்றுணிபு மறைந்துவிடவில்லை, முகப்பிலிருந்து மென்பொருளை வடிவமைப்போரிடம் இடம்பெயர்ந்தது என்று காட்டினர். எந்தக் கட்டத்தை நிரப்பாமல் மேற்செல்ல இயலாது, எந்த ஆவணம் இருந்தால் விண்ணப்பம் ஏற்கப்படும் என்பதை முடிவுசெய்பவர் இப்போது மக்களைக் காண்பதில்லை. மக்களும் அவரைக் காண்பதில்லை. முகப்பில் அமர்ந்தவர் திரையைக் காட்டி, ‘சிஸ்தம் ஏற்கவில்லை’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கெஞ்சுவதற்கும் வாதிடுவதற்கும் முன்னே ஆள் இல்லை என்பதே புதிய நிலை.

இக்கருத்துக்கு வலுச்சேர்க்கும் கொடிய சான்று அதே டச்சு நாட்டில், ஒரு காலத்தில் மலாக்காவையும் ஆண்ட நாட்டில், பின்னர்க் கிடைத்தது. குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்ததாகப் பல்லாயிரம் பெற்றோர் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். இரட்டைக் குடியுரிமை, ஐயத்துக்குரிய அடையாளமாகக் கணிப்பில் பயன்பட்டிருந்தது. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசு பதவி விலகியது.

1982இல் டான்சிகர், டட்டன், கிளிங், கிரேமர் ஆகியோர் நாற்பத்திரண்டு அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து வெளியிட்ட நூல், கணினி புதிய அதிகாரத்தைப் படைப்பதைவிட ஏற்கெனவே வலுவாயிருப்பவரை மேலும் வலுப்படுத்துவதே மிகுதி என்றது. இந்தியாவில் இதற்கு ஒத்தது கர்நாடகத்தின் ‘பூமி’ திட்டம். 2000ஆம் ஆண்டையொட்டி அம்மாநிலம் ஏறத்தாழ இரண்டு கோடி நிலப் பதிவுகளைக் கணினியேற்றியது. கிராமக் கணக்கரின் பிடி தளர்ந்தது; உழவர் சிறு கட்டணத்தில் படி பெற்றனர். அதே வேளையில், எந்த நிலம் எவரிடம் என்பதை எளிதில் அறிய முடிந்த பெரும் நிலவாங்கிகளுக்கு அது வாய்ப்பானது என்று ஆய்வாளர் சிலர் எழுதினர். எம் கருத்தில் மலாக்காவின் அனுபவம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கிராணியின் அதிகாரம் உண்மையாகவே ஒடிந்தது. அதனை வலியோர் பறித்துக்கொண்டனர் என்று சொல்ல இயலாது. அது எவரும் தொடமுடியாத உயரத்துக்கு ஏறிவிட்டது.

மொழியைப் பேணும் அவையில் பெயர்களைப் பற்றிப் பேசாமல் இருக்கலாகாது. தோட்டத்துத் தமிழ்ப் பெயர்களை உரோமன் எழுத்தில் முதலில் எழுதியவர் கிராணி, அடுத்து மருத்துவமனை எழுத்தர், அதன்பின் பதிவலுவலர். ஒவ்வொருவரும் தம் செவிக்கேற்ப எழுதினர். இலட்சுமி என்னும் பெயர் லெட்சுமி, லெச்சுமி, லட்சிமி என்று உருமாறிப் பிறப்புப் பத்திரத்தில் ஒன்றாகவும் அடையாள அட்டையில் மற்றொன்றாகவும் திருமணப் பதிவில் பிறிதொன்றாகவும் நின்றது. முனியம்மாளின் ஈற்று மெய் ஓரிடத்தில் இருக்கும், ஓரிடத்தில் இராது. சுப்பிரமணியத்தின் வடிவங்களை எண்ணி முடிப்பது கடினம். தாள் காலத்தில் இது பெருஞ்சிக்கலன்று. படித்தவர் மனிதர், ஒலியால் ஒன்றென அறிந்தார். கணினியோ எழுத்தை எழுத்தாகவே ஒப்பிடும். ஒரு மெய்யெழுத்து மிகுந்தால் தாய் ஒருத்தி இருவராகிவிடுகிறாள். மகளின் விண்ணப்பம் நின்றுவிடுகிறது. பிறகு சத்தியப் பிரமாணம், பழைய பத்திரங்களின் தேடல், மீண்டும் வரிசை. பிழை செய்தவர் எழுத்தர். அதைத் திருத்தும் சுமை பெயருக்குரியவர்மேல் விழுகிறது. பதிவுமுறையின் அதிகாரச் சமனின்மையை இதனைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நாம் கண்டிலோம்.

உதவித் திட்டங்களும் தரவுத்தளங்களில் குடியேறிவிட்டன. வறியோர் பட்டியலுக்கு இ-காசே. பின்னர்ப் பொதுமக்கள் அனைவரையும் உள்ளடக்கும் நோக்கில் 2024 ஜனவரி 2இல் ‘பாடு’ என்னும் மையத் தரவுத்தளம் தொடங்கப்பெற்று, மார்ச் இறுதிவரை பதிவு நடந்தது. மானியம் எவருக்கு உரியது என்பதைத் துல்லியமாகக் காண்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது, நோக்கத்தில் குறையில்லை. ஆயினும் பட்டியலில் நுழைவதற்கே அடையாள எண் வேண்டும். எண் இல்லாதவர் வறியோருள் வறியவராயினும் கணக்கில் தோன்றார். 2024 டிசம்பரில் அரசு அமைப்புகள் தமக்குள் தரவைப் பகிர்வதற்கான சட்டமுன்வரைவை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ கூட்டரசையும் மாநில அரசுகளையும் கட்டுப்படுத்தாது. தகவல் பெறும் உரிமைக்கு மாநிலச் சட்டம் கொண்டவை சிலாங்கூரும் பினாங்குமே. மலாக்காவில் அத்தகைய சட்டம் இல்லை. குடியுரிமை குறித்த கூட்டரசின் முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்யலாகாது என்கிறது அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை. அரசு நம்மைப் பார்க்கும் சாளரம் அகன்றுகொண்டே போகிறது. நாம் அரசைப் பார்க்கும் சாளரம் அதே அளவில் நிற்கிறது. செக்ரோலை ஒரு பக்கத்தார் மட்டும் படித்த காலத்தை இது நமக்கு நினைவூட்டவில்லையா?

இடைத்தரகர் ஒழிந்துவிட்டனர் என்று கருதுவதும் பொருந்தாது, அவர்கள் உருமாறியுள்ளனர். கைப்பேசியில் கடவுச்சொல் தட்டத் தெரிந்த பேரப்பிள்ளை, சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத் தன்னார்வலர், கோயில் மண்டபத்தில் பதிவுநாள் நடத்தும் இயக்கத்தார் ஆகியோர் இன்றைய கிராணியர். 2011 பிப்ரவரியில் இந்திய சமூகத்தின் ஆவணச் சிக்கலுக்கென நாடு தழுவிய ‘மைடஃப்தார்’ இயக்கம் நடந்தபோது, கணினி தானே செய்திருக்க வேண்டிய பணியை மண்டபத்து மேசைகளும் மனிதக் கைகளுமே தொடங்கிவைத்தன. பள்ளிகளில் அப்பொறுப்பு ஆசிரியருடையது. மாணவர் தரவுத்தளத்தில் பெயரையும் எண்ணையும் உள்ளிடும் ஆசிரியர், ஒரு குழந்தைக்கு எண் இல்லை என்பதைப் பல வேளைகளில் பெற்றோருக்கும் முன்னதாக உணர்கிறார். திரை மறுக்கும் அக்கணத்தில் அவர் பெற்றோரை அழைத்துப் பேசுகிறாரா, கட்டத்தை வெறுமனே விட்டுச் செல்கிறாரா என்பதில் ஒரு வாழ்வின் போக்கு அமைந்துவிடுவதுண்டு. லிப்ஸ்கி சொன்ன தற்றுணிபு முற்றாக அழியாமல் எஞ்சியிருக்கும் இடங்களுள் தமிழ்ப்பள்ளி அலுவலறையும் ஒன்று.

அவ்வலுவலறை அலமாரியில் இன்னொன்றும் இருக்கும்: பழைய சேர்க்கைப் பதிவேடு. மலாக்காத் தோட்டங்கள் பல கைமாறின. சில வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. செக்ரோல்கள் தனியார் நிறுவனங்களின் தாள்கள்; அவற்றைக் காக்கவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. தோட்டம் போனபின்னும் புக்கிட் லிந்தாங், டைமண்ட் ஜூப்ளி, ஜாசின் லாலாங் முதலிய தோட்டப் பெயர்களைத் தாங்கிய பள்ளிகள் நிலைத்துள்ளன. இத்தகைய பள்ளிகளின் பதிவேடுகளில் குழந்தையின் பெயர், தந்தை பெயர், சேர்ந்த நாள், வசித்த தோட்டம் ஆகியவை ஆசிரியரின் கையெழுத்தில் காணப்படும். பிறப்புப் பத்திரம் இல்லாதவருக்கு, இந்த மண்ணில் அவர் சிறுபிள்ளையாக இருந்தார் என்பதற்கு அந்த ஒருவரியே துணைச்சான்று ஆகலாம். பழைய ஏடுகள் பலவற்றில் அவ்வரி தமிழிலேயே இருக்கும். அங்கே இலட்சுமி இலட்சுமியாகவும் முனியம்மாள் தன் ஈற்று மெய்யோடும் நிற்கிறார்கள். கறையான் அரிக்குமுன் அவ்வேடுகளைப் படமெடுத்து வைக்க ஒரு கைப்பேசியும் இரண்டு மாணவர்களின் ஒரு பள்ளி விடுமுறையும் போதும்.